கெண்டையின் வாயைப் பார்த்து வாங்கும் தூண்டில்

சென்ற மாதம் என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பி, "மாமா, இந்த கார்ப் செட் வாங்கலாமா? நீங்கள் சரி என்றால் இன்றைக்கே பணம் கட்டிவிடுவேன்" என்று கேட்டிருந்தான். பன்னிரண்டு அடிக் கழி, பெரிய ரீல், இரும்புச் சுருளில் முட்கள் தொங்கும் ஸ்பிரிங் ஃபீடர்கள், மீன் இழுத்தால் ஒலி எழுப்பும் கருவி, ஒரு பெட்டி நிறைய முள்ளும் வளையமும் அந்தப் படத்தில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கும்படி சொல்லி, அன்று மாலை அவனை எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று இரண்டு மணி நேரம் பேசினேன். அவனைப் போலவே முதல் தூண்டிலை வாங்க நினைப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் அன்று பேசியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் 'கார்ப்' என்ற பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைகளில் அந்தப் பெயரோடு விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் ஒரே ஒரு மீனை மனத்தில் வைத்து உருவானவை. அந்த மீன்தான் நாம் சாதாக் கெண்டை என்று அழைப்பது. அது நம் நாட்டுக்கு வந்தேறிய மீன். அதன் ஐரோப்பிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும் வகை 1957-இல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஆனால் நம் ஏரிகளிலும் அணைகளிலும் தூண்டில்காரர்கள் உண்மையில் தேடிப் போவது கட்லாவையும் ரோகுவையும் மிர்காலையும்தான். இந்தியப் பெருங்கெண்டைகள் எனப்படும் இவை கங்கைச் சமவெளியின் மீன்கள். ஒரு காலத்தில் இவற்றின் குஞ்சுகளை வட இந்திய ஆறுகளில் வெள்ளக் காலத்தில் சேகரித்தால்தான் உண்டு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சவுத்ரியும் அவருடைய குழுவினரும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தியப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்த பிறகுதான் குஞ்சுகள் எங்கும் கிடைக்கத் தொடங்கின. எங்கள் ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவர் வடகிழக்குப் பருவமழை நின்று நீர் தெளிந்ததும் இந்த மூன்று வகைக் குஞ்சுகளையும் கலந்து விடுகிறார் என்றால், அதற்கு வழி திறந்தது அந்த நாள்தான்.

மூன்றையும் கலந்து விடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தூண்டில்காரனுக்குத் தெரிய வேண்டிய முதல் பாடமும் அதுவே. கட்லாவின் வாய் அகலமாக மேல்நோக்கித் திறக்கும். அதற்கு மீசை கிடையாது. நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை நீரோடு சேர்த்து உறிஞ்சிச் செவுளில் வடிகட்டி உண்பது அதன் இயல்பு. ரோகுவின் வாய் சிறியது, சற்றுக் கீழ்நோக்கியது, உதட்டின் ஓரம் ஆடையின் கரைநூல் போலப் பிசிராக இருக்கும். அது நடு மட்டத்தில் மேயும். மிர்கால் அடித்தரையில் மட்கியவற்றைத் தின்னும். சாதாக் கெண்டையோ இரண்டு இணை மீசைகளால் சேற்றைத் துழாவி, குழாய் போல நீளும் வாயால் உறிஞ்சி, வேண்டாததை உமிழ்ந்து, வேண்டியதைத் தொண்டைப் பற்களால் அரைத்து விழுங்கும். கெண்டை இனம் எதற்கும் தாடையில் பல் கிடையாது, தனி இரைப்பையும் கிடையாது. ஆதலால் வேட்டை மீனைப் போல ஒரே பாய்ச்சலில் விழுங்கிவிட்டு ஓய்ந்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். நான்கு மீன்களும் ஒரே ஏரியில் இருந்தாலும் நான்குக்கும் நான்கு விதமான வாய். எந்த வாய்க்காகத் தூண்டில் போடுகிறோம் என்று முடிவு செய்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் இழப்பின் வழியாகத்தான் கற்றேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் 'கார்ப்' என்ற எழுத்தைப் பார்த்து ஒரு கழியை வாங்கினேன். அது மூன்றரை பவுண்டு வளைவுக் கழி. நூறு கிராம் ஈயக் குண்டை வெகுதூரம் வீசுவதற்காகச் செய்யப்பட்டது. தை மாதத்தில் ஒரு விடியற்காலை, மதகுக்கு எதிரே முப்பதடி தூரத்தில், என் கைக்கு அதுவரை எட்டாத அளவிலான கட்லா ஒன்று மாட்டியது. கரைக்கு அருகில் வந்து அது கடைசியாகத் தலையை உதறியபோது, அந்தக் கழி வளைந்து கொடுக்காமல் விறைத்து நின்றது. முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மீன் போனதைவிட, கிழிந்த உதட்டோடு அது போனது எனக்கு நெடுநாள் வருத்தமாக இருந்தது.

கழியில் எழுதியிருக்கும் அந்தப் பவுண்டு எண்ணைப் பலரும் 'இத்தனை எடையுள்ள மீனைத் தூக்கும்' என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. கழியின் அடியை அசையாமல் பிடித்து, நுனியில் நரம்பு, அதாவது தூண்டில் நூல் கட்டி இழுக்கும்போது, நுனி அடிக்குச் செங்குத்தாகத் திரும்பும் வரை வளைப்பதற்கு எவ்வளவு எடை தேவையோ அதுதான் அந்த எண். ஒரு பவுண்டு வளைவுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் குண்டு என்பதும், வளைவு எண்ணை ஐந்தால் பெருக்கினால் வருகிற பவுண்டு வலிமையுள்ள நரம்பு என்பதும் பழைய கணக்கு. இரண்டு பவுண்டுக் கழிக்கு 56 கிராம் குண்டும் பத்து பவுண்டு நரம்பும் பொருந்தும். இது துல்லியமான விதி இல்லை என்றாலும் பொருத்தம் பார்ப்பதற்குப் போதுமானது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் 1952 செப்டம்பரில் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட இருபது கிலோ எடையுள்ள சாதாக் கெண்டையைப் பிடித்தார். அந்நாட்டில் அது நெடுங்காலம் சாதனையாக இருந்தது. அந்தக் காலத்தில் அவர் கெண்டைக்கென்று வடிவமைத்த கழி, மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து ஒட்டிச் செய்யப்பட்ட பத்தடிக் கழி. அதன் வளைவு எண் ஒன்றரை பவுண்டுதான். அந்த மீன் பின்னர் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் தொட்டியில் 1971 வரை வாழ்ந்தது. வளையும் கழி வலிமையற்ற கழி என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

ஆகவே எங்கள் ஏரி போன்ற நீர்நிலைக்கு இரண்டு முதல் இரண்டேகால் பவுண்டு வரை வளைவுள்ள கழியே போதும். பவானிசாகர், மேட்டூர் போன்ற விரிந்த நீர்ப்பரப்பில் எதிர்க்காற்றில் தூரம் வீச வேண்டியிருந்தால் இரண்டே முக்கால் வரை போகலாம். நீளத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. நம் ஏரிக்கரையின் உட்புறம் கற்கட்டு சரிந்து இறங்குகிறது. குட்டைக் கழியைப் பிடித்தால் நரம்பு அந்தக் கற்களின் விளிம்பில் உரசிக்கொண்டே வரும். பதினொன்று அல்லது பன்னிரண்டு அடிக் கழி நரம்பைக் கற்களுக்கு மேலே தூக்கி நிறுத்தும். இரண்டு துண்டாகப் பிரியும் கழியையே தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கும் கழி பேருந்துப் பயணத்துக்கு வசதிதான், ஆனால் அதன் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனம். கரையின் நுண்மணல் உள்ளே புகுந்துவிட்டால் சுருங்கவும் மறுக்கும், விரியவும் மறுக்கும். வாங்கும்போது கழியில் நரம்பு ஓடும் வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது நரம்பை அறுக்கும்.

கழியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டாலும், என் பணத்தில் பெரும்பங்கு நரம்புக்கும் முள்ளுக்குமே போகிறது. என் தாத்தா ரீலைக் கண்ணால் கண்டதில்லை. மூங்கில் கழி, அதன் நீளத்துக்கே ஒரு நரம்பு, சோளத்தட்டையின் வெண்மையான உட்சோற்றில் செய்த தக்கை ஆகிய மூன்றை வைத்துக்கொண்டே கெண்டை பிடித்தார். ஆனால் முள்ளை மட்டும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பார்ப்பார். வழுக்கினால் தூக்கி வைத்துவிடுவார், நகத்தில் பற்றினால்தான் கட்டுவார். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

நரம்பைப் பொறுத்தவரை, ஏரிக்கு நான் பயன்படுத்துவது 0.35 மி.மீ. கனமுள்ள ஒற்றையிழை நைலான். பின்னல் நரம்பு அதே கனத்தில் பல மடங்கு வலிமையானது என்பது உண்மையே. ஆனால் அதற்கு நீட்சி கிடையாது. கெண்டையின் மெல்லிய உதட்டுக்கும் நம் கைக்கும் நடுவில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது கழியின் வளைவும் நரம்பின் நீட்சியும்தான். அவற்றில் ஒன்றை நாமே எடுத்துவிடக் கூடாது. மேலும் இறுகிய பின்னல் நரம்பு கல்லில் உரசினால் நொடியில் அறுந்துபோகும், விரலில் சுற்றிக்கொண்டால் தோலையும் வெட்டும். எங்கள் பக்கத்து ஏரிகளின் பெருந்தொல்லை நீருக்குள் மூழ்கி நிற்கும் சீமைக்கருவேல முட்டுகள். நீர் வற்றிய ஆண்டுகளில் முளைத்து, நீர் ஏறியதும் பட்டுப்போய் நிற்கும் அந்தக் கட்டைகளுக்குள் ரோகு ஓடிவிட்டால் மீட்பது கடினம். அப்படிப்பட்ட இடத்தில் 0.40-க்குப் போவேன்; அதற்கும் முன்னதாக, கோடையில் நீர் இறங்கியபோது ஏரியைச் சுற்றி நடந்து எந்தக் கட்டை எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வேன். அந்த நோட்டும் என் தூண்டில் கருவிகளில் ஒன்றுதான்.

நைலான் நரம்புக்கு வெயில் பெரிய பகை. வண்டியின் பெட்டியிலும் மொட்டைமாடி அறையிலும் வைத்திருந்த நரம்பு பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும், இழுத்தால் இற்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிவிடுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ ஏரி நீராலோ நனைக்க வேண்டும். உலர்ந்த நைலானை இறுக்கும்போது உராய்வின் சூட்டிலேயே அது தன் வலிமையை இழக்கிறது. கழித்துப்போட்ட நரம்பைக் கரையில் விடாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் காலில் சுற்றிக்கொண்டு பறக்க முடியாமல் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சிறு துண்டுகளாக வெட்டி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுகிறேன்.

இனி முள். எண் கூடக்கூட முள் சிறியதாகும் என்பது புதியவர்களைக் குழப்பும் முதல் செய்தி. பத்தாம் எண் முள் ஆறாம் எண்ணைவிடச் சிறியது. ரோகுவுக்கு நான் எட்டாம் எண் அல்லது பத்தாம் எண்ணும், சாதாக் கெண்டைக்கு ஆறாம் எண்ணும் கட்டுகிறேன். இரண்டுக்கும் தண்டு குட்டையாகவும் வளைவு அகலமாகவும் இருக்க வேண்டும். நீண்ட தண்டுள்ள முள் மண்புழு கோப்பதற்கு வசதி என்று வாங்குகிறார்கள். சண்டையின்போது அதே நீளம் நெம்புகோல் போல வேலை செய்து காயத்தைப் பெரிதாக்கும். முள் கழன்றுவிடாதபடி முனைக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிடுவது என் வழக்கம். நரம்பைத் தளர விடாமல் வைத்திருந்தால் அதனால் மீன் தவறுவதில்லை. திரும்ப விட வேண்டிய சிறு மீனிலிருந்து முள்ளை எடுக்க இரண்டு விநாடி போதும்.

முள்ளில் இரையைக் கோக்காமல், முள்ளின் அடியிலிருந்து தொங்கும் ஒரு மெல்லிய இழையில் இரையைக் கோக்கும் முறை ஒன்று உண்டு. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மாடக்ஸ் என்ற தூண்டில்காரர்கள் இதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் உண்மையான தலைமுடியையே அந்த இழையாகக் கட்டியதால் அதற்கு 'ஹேர் ரிக்' என்று பெயர் நிலைத்தது. சாதாக் கெண்டை இரையை உறிஞ்சிச் சோதித்து உமிழும் பழக்கம் உடையது அல்லவா? உறிஞ்சும்போது இரையோடு வெற்று முள்ளும் உள்ளே போகிறது. உமிழும்போது இரை வெளியே வர, முள் கீழுதட்டில் பற்றுகிறது. அந்த மீனின் வாயை இவ்வளவு நுட்பமாகப் படித்துச் செய்த இன்னொரு கண்டுபிடிப்பை நான் அறியேன். வேகவைத்த மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அவற்றை ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். உலர்ந்த தானியம் மீனின் குடலுக்குள் போய் ஊதும்.

இந்த அருமையான முறை கட்லாவிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. தரையில் கிடக்கும் கடலையைத் தேடி வருவது அதன் வேலை இல்லை. கட்லாவுக்கு வேண்டியது நீரில் கரைந்து பரவும் தூள். வறுத்து இடித்த கடலைப் பிண்ணாக்கு, ரொட்டித்தூள், சிறிது மைதா ஆகியவற்றை, பிடித்தால் உருண்டையாக நிற்கவும் நீரில் விழுந்து சில நிமிடங்களில் உதிரவும் கூடிய பக்குவத்தில் பிசைந்து, இரண்டு சிறு முட்களைச் சுற்றிப் பிடித்து, தக்கையின் கீழே நான்கைந்து அடி ஆழத்தில் தொங்கவிடுகிறேன். அந்தத் தூள் மேகத்தை உறிஞ்சும் மீன் முள்ளையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஸ்பிரிங் ஃபீடர் அடிப்படையில் இதே எண்ணம்தான். ஆனால் கடையில் கிடைப்பதில் ஐந்தாறு முட்கள் கொத்தாகத் தொங்குகின்றன. ஒரு முள் வாயில் மாட்ட, மற்றவை கண்ணிலும் செவுளிலும் குத்துவதைப் பார்த்த பின் நான் மூன்றை வெட்டி எறிந்துவிட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். கோடையின் விடியலில் நீரில் உயிர்வளி குறைந்து கட்லாக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது எந்த இரையும் செல்லாது, அது பசி இல்லை, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் கூடுதலாகப் பிண்ணாக்கைக் கொட்டினால் அது அழுகி இருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடும். எல்லாத் தூண்டில்காரர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புவது இது.

தக்கை மெலிந்ததாக இருக்கட்டும். ரோகு பிசிர் உதட்டால் இரையை அரித்து அரித்து உண்பதால், பருத்த பிளாஸ்டிக் தக்கை அசையவே அசையாது. உதிர்ந்த மயிலிறகின் தண்டில் செய்தது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ரீலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. 4000 அல்லது 5000 அளவுள்ள, 0.35 நரம்பு இருநூறு மீட்டர் கொள்ளும் எந்த நல்ல ரீலும் போதும். விளம்பரத்தில் சொல்லப்படும் பேரிங் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் தடையைத் திருகி, நரம்பைக் கையால் மெல்ல இழுத்து, வெட்டி வெட்டி வராமல் ஒரே சீராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நரம்பின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடையை இறுக்க வேண்டியதில்லை.

குண்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நரம்பு அறுந்துபோனால் குண்டு தானாகக் கழன்று விழும்படி கட்ட வேண்டும். இல்லையெனில் மீன் அதை இழுத்துக்கொண்டு போய்க் கருவேலக் கட்டையில் சிக்கி, அங்கேயே சாகும். குண்டை நான் முக்கிய நரம்பைவிட மிக மெல்லிய துண்டு நரம்பில் தனியாகக் கட்டுவது இதற்காகத்தான். ஈயத்துக்குப் பதிலாக இரும்பு நட்டைக் கட்டலாம். அன்னங்கள் ஈயக் குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறந்ததால் பிரிட்டனில் 1987 முதல் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. நம் ஏரிகளிலும் அடிச்சேற்றைக் கிளறி உண்ணும் பறவைகள் உண்டு.

ஒலிக்கருவி இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழிக்கு அருகிலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு நுனியில் கட்டிய சிறு மணி போதும். அந்தப் பணத்தில் நல்ல கைவலை வாங்கலாம். பெரிய வாயும் ஆழமான பையும் உள்ள, முடிச்சில்லாத வலையாக இருக்க வேண்டும். முடிச்சுள்ள வலை செதிலைப் பெயர்க்கும், துடுப்பைக் கிழிக்கும். பலரும் மீனைச் சுடும் கற்கட்டின் மேலேயே கிடத்துகிறார்கள். விட வேண்டிய மீனாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு, நனைத்த ஸ்பாஞ்சு விரிப்பில் வையுங்கள். சாக்கு வேண்டாம், அதன் சொரசொரப்பு மீனின் மேலுள்ள வழுவழுப்பை வழித்துவிடும், அதன் பிறகு பூஞ்சை பிடிக்கும். இரவில் இருப்பதானால் தலையில் மாட்டும் விளக்கு கட்டாயம் வேண்டும். கரையின் கல்லிடுக்குகளில் கட்டுவிரியன் உண்டு.

இவ்வளவும் பேசிவிட்டு, அவனுடைய பணத்துக்கு ஒரு பட்டியல் எழுதினோம். இரண்டு பவுண்டு வளைவுள்ள பதினோரடிக் கழி ஒன்று, 4000 அளவில் ரீல் ஒன்று, நல்ல நரம்பு, எட்டாம் எண் முட்கள் பத்து, கைவலை, விரிப்பு ஆகியவை அதில் இருந்தன. தக்கையை நான் செய்து தருவதாகச் சொன்னேன். முதல் மூன்று மாதம் ரோகு மட்டும் போதும் என்று அவனே முடிவு செய்தான்; எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஏரியில் குஞ்சு விட்டுத் தீனி போட்டிருப்பவர் குத்தகைதாரர். அவரிடம் கேட்காமல் ஒரு முள்ளைக்கூட நீரில் இறக்கக் கூடாது. அவருடைய வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் போகிறோம்.